பீக் வருகிறது, சரி, அது யாருடைய பீக்? குறைந்த ஆற்றல் எலெக்ட்ரான் பரிசோதனையில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

சில எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் மட்டுமே உள்ள ஒரு எலெக்ட்ரான் சின்ன மூலக்கூறு ஒன்றில் போய் ஒட்டிக்கொள்கிறது, மூலக்கூறு தாங்காமல் பிளக்கிறது, எலெக்ட்ரான் ஏதோ ஒரு துண்டின் மேல் ஏறி எதிர்மின் அயனியாக வெளியே வருகிறது. இதுதான் டிஸோசியேட்டிவ் எலெக்ட்ரான் அட்டாச்மென்ட், லேபில் எல்லோரும் சொல்வது டி.இ.ஏ. எலெக்ட்ரான் வோல்ட்டை இனி ஈவி என்றே எழுதுகிறேன், அயனி என்று சொன்னால் எதிர்மின் அயனி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2000 இல் கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர் 3 முதல் 20 ஈவி வரையிலான எலெக்ட்ரான்களே டி.என்.ஏ. இழைகளை அறுத்துவிடும் என்று காட்டிய பிறகு இந்தத் துறைக்குள் கூட்டம் கூடியது. கூட்டம் கூடினாலும் கருவி அதே பழைய கருவிதான்: ஒரு ஃபிலமென்ட், எலெக்ட்ரான்களை ஆற்றல் பார்த்து வடிகட்டும் ஒரு மோனோகுரோமேட்டர், வாயு வரும் ஒரு ஊசி, பக்கத்தில் அயனிகளை நிறை எண் பார்த்துப் பிரிக்கும் ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். எலெக்ட்ரானின் ஆற்றலை ஏற்றிக்கொண்டே போய் அயனிகளை எண்ணினால், எண்ணிக்கை எழுந்து விழும் இடம்தான் பீக். கோளாறுகளும் பெரும்பாலும் அதே பழைய கோளாறுகள். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எதற்கும் முன்னால் ஒரு கழித்தல் கணக்கு

உடைய வேண்டிய பிணைப்பின் ஆற்றலிலிருந்து, எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் துண்டின் எலெக்ட்ரான் நாட்டத்தை, அதாவது எலெக்ட்ரானைப் பிடிக்கும்போது அது வெளிவிடும் ஆற்றலை, கழியுங்கள். மிச்சம் வருவதுதான் அந்த அயனி தோன்றக்கூடிய குறைந்தபட்ச ஆற்றல், அதை வாசல் என்று சொல்கிறேன். நாட்டங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது: குளோரின் 3.61 ஈவி, ஃப்ளோரின் 3.40, புரோமின் 3.36, அயோடின் 3.06, ஆக்சிஜன் 1.46, ஹைட்ரஜன் 0.75, ஓஹெச் 1.83, சயனைடு 3.86. ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பு 5.12 ஈவி, அதில் 1.46 போனால் 3.66. ஆக, 3.66 ஈவிக்குக் கீழே ஆக்சிஜன் வாயுவிலிருந்து ஆக்சிஜன் அயனி வந்தது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், உங்கள் கணினியே சொன்னாலும் சரி.

கணக்கு இடம் கொடுத்துவிட்டால் அயனி வந்தே தீரும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒட்டிய எலெக்ட்ரான் ஃபெம்டோ வினாடிகளிலேயே கழன்று ஓடிவிடலாம், அணுக்கள் அதற்குள் போதுமான தூரம் விலகியிருந்தால்தான் துண்டு பிழைக்கும். ஆக்சிஜனில் வாசல் 3.66 இல் இருந்தும் பீக் 6.5 ஈவி அருகே வருவதற்குக் காரணம், எலெக்ட்ரான் ஒட்டும் கணத்தில் அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அந்த இடைவெளியில் எதிர் அயனி நிலை அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. வாசல் என்பது தரை மட்டம், பீக் எங்கே வரும் என்பதை ஒத்ததிர்வு நிலைதான், அதாவது எலெக்ட்ரான் தற்காலிகமாக ஒட்டி நிற்கும் அந்த எதிர் அயனி நிலைதான், தீர்மானிக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கீழே வரும் பாதிக் கேள்விகள் எழுகின்றன.

ஒன்றுமே வரவில்லை

எலெக்ட்ரான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கற்றையின் மறுமுனையில் எலெக்ட்ரான்களைப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே கப்பில் சில நானோ ஆம்பியர் வருகிறதா? வருகிறது என்றால் உங்கள் மாதிரி வாயுவை மூடிவிட்டு சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடைக் கொஞ்சமாக விடுங்கள். 0 ஈவி அருகே நிறை எண் 146 இல் அது கத்திக்கொண்டு வர வேண்டும். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு மூலக்கூறில் இல்லை, கருவியில்.

அப்போது பார்க்க வேண்டிய முதல் இடம் டிடெக்டர். நேர்மின் அயனிக்கு ஓட்டிப் பழகிய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை எதிர்மின் அயனிக்கு மாற்றும்போது, அயனிகளை எண்ணும் டிடெக்டரான சேனல்ட்ரானின் வாய்ப் பகுதிக்கு நேர் மின்னழுத்தமும், பின்பகுதிக்கு அதைவிட இரண்டு மூன்று கிலோ வோல்ட் அதிகமும் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் சிக்னல் எடுக்கும் முனையே உயர் மின்னழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும், அதனால் கப்பாசிட்டர் வழியாகத்தான் பல்ஸை வெளியே எடுக்க முடியும். இந்தக் கப்பாசிட்டர் செத்துப்போவது உலக வழக்கம், நாலு பேர் சேர்ந்து மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அயனி லென்ஸ்களின் குறியும் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பாருங்கள், சப்ளையின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள்.

சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு வருகிறது, உங்கள் மூலக்கூறு வரவில்லை என்றால் கேள்வியே வேறு. நைட்ரஜன் வாயுவை வைத்துக்கொண்டு நைட்ரஜன் அயனி தேடினால் காலம் முழுக்கத் தேடலாம், தனி நைட்ரஜன் அணு எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. 2.3 ஈவி பக்கத்தில் நைட்ரஜனுக்குப் பேர்போன ஒத்ததிர்வு ஒன்று இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் அது மூலக்கூறை அதிரவைத்துவிட்டு எலெக்ட்ரானைத் திருப்பி அனுப்பிவிடும். ஹைட்ரஜன் வாயு வேறு வகை: 3.75 ஈவியில் அயனி வரும், ஆனால் குறுக்குவெட்டு, அதாவது வினை நடக்கும் வாய்ப்பின் அளவு, 1.6×10⁻²¹ ச.செ.மீ. மட்டுமே. அதையே கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்தில் பார்க்க ஆசைப்பட்டால் இன்னும் சுமார் 200 மடங்கு குறைந்துவிடும். கனமான அணு மெதுவாக விலகுகிறது, அதற்குள் எலெக்ட்ரான் ஓடிவிடுகிறது. ஷூல்ஸும் அசுண்டியும் 1965 இல் காட்டிய விஷயம் இது. டியூட்டீரியம் ஏற்றிய மாதிரியில் சிக்னல் படுத்துவிட்டது என்று கருவியைப் பிரிக்கப் போகும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிறை எண் வைத்தாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை

அது அயனி இல்லை, எலெக்ட்ரான். எதிர்மின் அயனிகளை இழுக்கும் மின்புலம் சிதறிய எலெக்ட்ரான்களையும் சேர்த்துத்தான் இழுக்கும். நிறை எண்ணை 5 இல் வையுங்கள், அங்கே எந்த அயனிக்கும் வேலை இல்லை. அப்போதும் எண்ணிக்கை ஓடினால் அவ்வளவும் எலெக்ட்ரான்கள்தான். மோதல் அறைக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் நடுவே ஒரு சின்ன காந்தத்தை வெளியிலிருந்து காட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: எலெக்ட்ரான் என்றால் எண்ணிக்கை சட்டென்று விழும், அயனி அசைந்து கொடுக்காது.

0 ஈவியில் பெரிய பீக், நிறை எண் 35 உம் 37 உம்

இந்தத் துறையில் அதிகம் பேரை ஏமாற்றிய பீக் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

35 க்கும் 37 க்கும் உயரம் ஏறக்குறைய 3 க்கு 1 என்று இருந்தால் அது குளோரின், அதில் சந்தேகமே வேண்டாம். யாருடைய குளோரின் என்பதுதான் கேள்வி. உங்கள் மூலக்கூறில் குளோரினே இல்லை என்றால் பதில் எளிது, அசுத்தம். உங்கள் மூலக்கூறிலும் குளோரின் இருந்தால்தான் வம்பு.

எண்களை வைத்துப் பாருங்கள். கார்பன் டெட்ராகுளோரைடு 0 ஈவி அருகே எலெக்ட்ரானை விழுங்கும் குறுக்குவெட்டு 10⁻¹⁴ ச.செ.மீ. க்கும் மேலே போகும். நீங்கள் ஆராயும் மூலக்கூறின் குறுக்குவெட்டு, சாதாரணமாக, 10⁻¹⁹ பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே ஒரு லட்சம் மடங்கு. அதாவது உங்கள் சிலிண்டரில் ஒரு லட்சத்துக்கு ஒரு மூலக்கூறு கார்பன் டெட்ராகுளோரைடாக இருந்தால் போதும், அந்த ஒன்று கொடுக்கும் பீக்கும் மீதி அத்தனையும் சேர்ந்து கொடுக்கும் பீக்கும் ஒரே உயரத்தில் நிற்கும். 99.99 சதவீதத் தூய்மை என்று லேபிளில் போட்டிருக்கிறானே என்று கேட்டால், அந்த மீதி 0.01 சதவீதம் என்பது லட்சத்துக்குப் பத்து. குளோரின் ஏறிய கரிமப் பொருள்களைத் தயாரிக்கும்போது பக்கத்து உறவுக்காரர்களும் கூடவே உண்டாகிறார்கள், காய்ச்சி வடித்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்.

நல்ல உதாரணம் மெத்தில் குளோரைடு. கழித்தல் கணக்குப்படி அதன் பிணைப்பு ஆற்றலும் குளோரினின் நாட்டமும் இரண்டுமே 3.6 ஈவி அருகே, ஆக வாசல் கிட்டத்தட்ட 0. பார்த்தவுடன் 0 ஈவி பீக் நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த எதிர் அயனி நிலை சாதாரண பிணைப்பு நீளத்தில் ரொம்ப உயரத்தில் இருக்கிறது, அறை வெப்பநிலையில் மூலக்கூறு அங்கே எட்டிப்பார்ப்பதே அபூர்வம். அறை வெப்பநிலை மெத்தில் குளோரைடில் உயரமாக ஒரு 0 ஈவி பீக் வந்தால் நான் முதலில் சிலிண்டரைத்தான் சந்தேகப்படுவேன்.

சோதிப்பது எப்படி? சிலிண்டரிலிருந்து வரும் வாயுவைத் திரவ நைட்ரஜன் அல்லது அதைவிடச் சூடான ஒரு குளிர்குழம்பு வைத்த டிராப், அதாவது குளிர்ப் பொறி, வழியாகச் செலுத்துங்கள், கனமான குளோரின் சேர்மங்கள் அங்கே உறைந்துவிடும்படி வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள். 0 ஈவி பீக் மட்டும் விழுந்து மற்ற பீக்குகள் அப்படியே நின்றால் விஷயம் முடிந்தது. அதைவிட எளிய சோதனை, சிலிண்டரை மூடிவிட்டுப் பார்ப்பது. உங்கள் மூலக்கூறின் மற்ற பீக்குகள் ஒரு நிமிடத்தில் மறைந்து 0 ஈவி பீக் மட்டும் மணிக்கணக்கில் தங்கினால், அசுத்தம் சிலிண்டரில் இல்லை, குழாயின் உள்சுவரில் அல்லது வெற்றிட அறையிலேயே குடியிருக்கிறது. பாகங்களை டிரைகுளோரோஎத்திலீன், டைகுளோரோமீத்தேன் மாதிரி குளோரின் கரைப்பான்களில் கழுவும் பழக்கம் உங்கள் லேபில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஐசோபுரோபனால் போதும். ஓ-ரிங் ரப்பர் அந்தக் கரைப்பானைக் குடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கக்கும், அதை மாற்றிவிடுவதே நிம்மதி.

0.8 ஈவியிலும் ஒரு குளோரின் பீக் தெரிகிறதா? இரண்டு பேர் மேல் சந்தேகம். கார்பன் டெட்ராகுளோரைடுக்கே 0.8 அருகே இரண்டாவது பீக் உண்டு, ஆனால் 0 ஈவியில் அதைவிடப் பெரிய பீக் இல்லாமல் அது தனியே வராது. ஹைட்ரஜன் குளோரைடுக்கு வாசலே 0.82 ஈவி, 4.43 இல் 3.61 போனால் வருவது. அங்கே செங்குத்தாக எழுந்து நிற்கும். 0 இல் ஒன்றும் இல்லாமல் 0.8 இல் மட்டும் எழுந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்று பந்தயம் கட்டலாம். குளோரின் சேர்மத்தைச் சூடான ஃபிலமென்ட் அருகே விட்டால் அது உண்டாவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

எல்லா பீக்கும் சொல்லிவைத்தாற்போல ஒரே பக்கம் தள்ளி நிற்கின்றன

இது கோளாறே இல்லை, இந்தக் கருவிகளின் சுபாவம். நீங்கள் கொடுக்கும் மின்னழுத்தமும் எலெக்ட்ரானுக்கு உண்மையில் கிடைக்கும் ஆற்றலும் ஒன்றில்லை. ஃபிலமென்ட் உலோகத்துக்கும் மோதல் அறை உலோகத்துக்கும் நடுவே உள்ள தொடர்பு மின்னழுத்தம் ஒரு வோல்ட் வரைக்கும்கூட இழுத்துவிடும், உலோகத்தின் மேல் வாயு படியப் படிய அது மாறிக்கொண்டேயும் இருக்கும். தெரிந்த பீக்குகளை வைத்துக் காலையில் சரிசெய்த ஆற்றல் அளவுகோலை மாலையில் நம்ப வேண்டாம், அதுவும் கரிம ஆவிகளை விட்டு ஓட்டிய நாளில்.

ஒரே புள்ளியில் அளவுகோலைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கீழ்முனைக்கு சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடின் 0 ஈவி பீக், நடுவில் கார்பன் டை ஆக்சைடு தரும் ஆக்சிஜன் அயனி, அதற்கு 4.4 ஈவியிலும் 8.2 ஈவியிலும் பீக் உண்டு. மேலே கார்பன் மோனாக்சைடு, அதில் ஆக்சிஜன் அயனி 9.6 ஈவியில் சுவர் மாதிரி எழும்பும், அந்த எழுச்சியை வைத்துக்கொள்வது பீக்கை வைத்துக்கொள்வதைவிட நம்பகமானது. மூன்றும் ஒரே அளவு தள்ளியிருந்தால் தொடர்பு மின்னழுத்தம்தான், ஒரு எண்ணைக் கழித்துவிட்டு வேலையைப் பாருங்கள். கீழே 0.2 உம் மேலே 0.6 உம் தள்ளியிருந்தால் மின்னழுத்தத்தை ஏற்றும் சப்ளையின் பெருக்கல் காரணியில் பிழை, அதைக் கழித்துச் சரிசெய்ய முடியாது.

முக்கியமான ஒன்று: அளவுகோல் வாயுவைத் தனியாக விட்டு அளந்துவிட்டு, அதை வெளியேற்றி, பிறகு மாதிரி வாயுவை விட்டால் நடுவிலேயே மேற்பரப்பு மாறிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து விட்டு ஒரே ஸ்கேனில் எடுங்கள். சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு கலக்கும்போது மட்டும் கஞ்சத்தனம் தேவை, கொஞ்சம் கூடினாலும் அதன் நினைவு அறையில் நாள்கணக்கில் நிற்கும்.

பீக் அகலமாக இருக்கிறது

முதலில் 0 ஈவி பீக்கின் அகலத்தைப் பாருங்கள். சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடின் 0 ஈவி பீக் இயற்கையிலேயே மிக ஒல்லியானது, திரையில் தெரியும் அகலம் முழுக்க உங்கள் எலெக்ட்ரான் கற்றையின் அகலம்தான். அது 0.5 ஈவிக்கு மேல் என்றால் மோனோகுரோமேட்டர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம், ஏனென்றால் 2500 கெல்வினில் எரியும் டங்ஸ்டன் ஃபிலமென்ட்டிலிருந்து எதையும் வடிகட்டாமல் வரும் எலெக்ட்ரான்களுக்கே பரவல் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஸ்டமடோவிச்சும் ஷூல்ஸும் 1968 இல் அறிமுகப்படுத்திய டிரோகாய்டல் மோனோகுரோமேட்டர் வைத்திருப்பவர்கள் காந்தச் சுருள்களின் நேர்கோட்டைப் பாருங்கள். காந்தப்புலம் கற்றையின் அச்சிலிருந்து லேசாகச் சாய்ந்திருந்தாலும் எலெக்ட்ரான்கள் துளையின் ஓரத்தை உரசிக்கொண்டு போகும், மின்னோட்டமும் குறையும், அகலமும் கூடும். காந்தப்புலம் இல்லாமல் லென்ஸ்களை மட்டும் நம்பும் கருவி என்றால் எதிரி பூமியே. சுமார் 40 மைக்ரோ டெஸ்லா உள்ள பூமியின் புலத்தில் 1 ஈவி எலெக்ட்ரான் 8 சென்டிமீட்டர் ஆரத்தில் வளையும், 0.1 ஈவி எலெக்ட்ரான் இரண்டரை சென்டிமீட்டர் ஆரத்திலேயே திரும்பிவிடும். காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் கவசமோ அதை ஈடுகட்டும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளோ இல்லாமல் 0.5 ஈவிக்குக் கீழே அளந்ததாகச் சொல்லும் எதையும் நான் இரண்டு முறை படிப்பேன்.

0 ஈவி பீக் ஒல்லியாக இருந்து ஆக்சிஜனின் 6.5 ஈவி பீக் மட்டும் இரண்டு ஈவி அகலத்துக்குப் பரந்து கிடந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது அப்படித்தான் இருக்கும். எதிர் அயனி நிலை செங்குத்தாகச் சரியும் விலக்கு வளைவு என்பதால், மூலக்கூறின் அதிர்வில் உள்ள சின்ன இடைவெளி வேறுபாடே பெரிய ஆற்றல் வேறுபாடாக விரிந்துவிடுகிறது.

எந்த மாதிரி வைத்தாலும் 6.5 ஈவியில் நிறை எண் 16

காற்று கசிகிறது, அல்லது திரவ மாதிரியைச் சரியாக வாயு நீக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டால் 4.4 ஈவியில் அதன் குறுக்குவெட்டு 1.5×10⁻¹⁹, ஆக்சிஜனுக்கு 6.5 இல் 1.4×10⁻¹⁸, ஒன்பது மடங்குக்கும் மேல். கார்பன் டை ஆக்சைடில் 1 சதவீதம் ஆக்சிஜன் கலந்திருந்தாலே 4.4 பீக்கில் பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கு 6.5 இல் ஒரு போலி பீக் முளைக்கும், 4.4 க்கும் 8.2 க்கும் நடுவே பள்ளமாக இருக்க வேண்டிய இடத்தில். திரவ மாதிரி என்றால் உறையவைத்து, பம்ப் செய்து, உருகவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இதில் குறுக்கு வழி கிடையாது.

அம்மோனியா, அமீன் வைத்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறி. நிறை எண் 16 ஆக்சிஜனும்தான், என்ஹெச்2 அயனியும்தான், சாதாரண குவாட்ரபோல் வகை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டும் ஒன்றே. ஆனால் அம்மோனியாவின் என்ஹெச்2 பீக் 5.65 ஈவியில் நிற்கும், அதே இடத்தில் ஹைட்ரஜன் அயனியும் சேர்ந்தே வரும். நிறை எண் 1 ஐயும் 16 ஐயும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் யார் யார் என்று தெரிந்துவிடும். அளவுகோல் சரியாக இருந்தால்தான் 5.65 க்கும் 6.5 க்கும் வித்தியாசம் சொல்ல முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தண்ணீரில் ஓஹெச் அயனி, ஹைட்ரஜன் அயனியின் அச்சு அசல் வடிவத்தில்

தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி 6.5, 8.6, 11.8 ஈவி பக்கங்களில் வரும். ஓஹெச் அயனியும் 6.5 இல் அதே வடிவத்தில் பலமாக வந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். ஹைட்ரஜன் அயனி வெளியேறும் வழியில் இன்னொரு தண்ணீர் மூலக்கூறை முட்டினால் அதிலிருந்து ஒரு புரோட்டானைப் பறித்து ஹைட்ரஜன் வாயுவாகிவிடும், ஓஹெச் அயனி மிஞ்சும். ஆற்றல் எதுவும் கேட்காத, மிக வேகமான வினை அது. எலெக்ட்ரான் நேரடியாக உடைத்துத் தந்த அயனி என்றால் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் சிக்னலும் இரட்டிப்பாகும். இரண்டாம் மோதலில் பிறந்தது என்றால் நான்கு மடங்காகும். அழுத்தத்துக்கு எதிராக மடக்கை வரைபடம் போட்டு சரிவு 1 ஆ 2 ஆ என்று பாருங்கள். நடுவில் 1.4 என்று வந்தால் இரண்டும் கலந்திருக்கிறது, இன்னும் குறையுங்கள். புது மூலக்கூறு எதுவானாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் கிளை விகிதங்களை, அதாவது எந்த அயனி எத்தனை பங்கு என்பதை, எழுதி அனுப்பாதீர்கள், ஆய்விதழ் நடுவர்களில் விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஹைட்ரஜன் அயனி வர வேண்டிய அளவு வரவில்லை

பீக் இருக்கும் இடம் சரி, உயரம் மட்டும் மற்றவர்கள் சொல்வதில் கால்வாசிகூட இல்லை என்றால் அயனிகள் வழியில் தொலைகின்றன. தண்ணீரையே எடுப்போம். ஓஹெச் பிணைப்பு 5.1 ஈவி, ஹைட்ரஜனின் நாட்டம் 0.75, வாசல் 4.35. எலெக்ட்ரான் 6.5 ஈவியோடு வந்தால் மிச்சம் 2.15 ஈவி. துண்டுகள் இரண்டும் எதிரெதிரே பறக்கும்போது உந்தம் சமமாக இருக்க வேண்டும் என்பதால் மிச்சத்தில் 18 இல் 17 பங்கை லேசான ஹைட்ரஜன் எடுத்துக்கொள்ளும், ஓஹெச் சுழலவோ அதிரவோ இல்லை என்றால் 2 ஈவி. 2 ஈவியில் எல்லாத் திசையிலும் பாயும் புரோட்டான் எடை கொண்ட ஒன்றை, அரை வோல்ட் ஒரு வோல்ட் இழுப்புப் புலத்தை வைத்துக்கொண்டு, குவாட்ரபோலின் சின்ன வாய்க்குள் கொண்டுபோக முடியாது. பக்கவாட்டில் கிளம்பியவை எல்லாம் சுவரில் போய் முடியும். அதே கருவியில் மெதுவாகக் கிளம்பும் கனமான அயனி முழுக்க வந்து சேரும், ஆக விகிதமே தலைகீழாகிவிடும். ஆக்சிஜனில்கூட 6.5 ஈவியில் ஆக்சிஜன் அயனிக்கு 1.4 ஈவி இயக்க ஆற்றல் இருக்கிறது, அதையும் மறந்துவிடக் கூடாது.

இழுப்புப் புலத்தைக் கூட்டினால் அயனி வந்துசேரும், ஆனால் அந்தப் புலமே எலெக்ட்ரான் கற்றையின் ஆற்றலைக் குழப்பிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க ஆசைப்படாதீர்கள். எலெக்ட்ரானை ஒரு பல்ஸாக அனுப்புங்கள், அது கடந்துபோன பிறகு பெரிய இழுப்புப் பல்ஸைக் கொடுங்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கிருஷ்ணகுமார் குழு இந்த வழியில்தான் போனது. 2005 இல் அவர்கள் டி.இ.ஏ. க்காக வெலாசிட்டி ஸ்லைஸ் இமேஜிங் முறையைக் கொண்டுவந்து, அயனி எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் கிளம்பியது என்பதையே படமாக எடுத்தார்கள். அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இன்னொரு முடிவும் கோளாறு பார்ப்பவர்களுக்கு உதவும்: பெரிய மூலக்கூறாக இருந்தாலும் ஹைட்ரஜன் அயனி எந்தப் பிணைப்பிலிருந்து வருகிறதோ அந்தத் தொகுதியின் அடையாளத்தைக் காட்டும், ஓஹெச் பிணைப்பு தண்ணீரின் இடத்திலும், என்ஹெச் பிணைப்பு அம்மோனியாவின் இடத்திலும், கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு மீத்தேனின் இடத்திலும் பீக் தரும். ஆக, ஓஹெச் தொகுதியே இல்லாத மாதிரியில் 6.5 ஈவியில் ஹைட்ரஜன் அயனி வந்தால் அறையில் தண்ணீர் இருக்கிறது, அறையைச் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றுங்கள்.

சூடாக்கினால் ஸ்பெக்ட்ரமே மாறுகிறது

இரண்டு காரணங்கள், இரண்டும் வெவ்வேறு உலகம். ஒன்று, மூலக்கூறு சூட்டில் அதிர்கிறது, பிணைப்பு நீண்ட நிலையில் எலெக்ட்ரான் ஒட்டுகிறது, வாசல் பக்கம் சிக்னல் எகிறுகிறது. நைட்ரஸ் ஆக்சைடில் 2.3 ஈவி பீக் அப்படியே இருக்க, அதற்குக் கீழே 0 ஈவி பக்கம் ஆக்சிஜன் அயனி சூட்டோடு சேர்ந்து ஏறுவது பழைய, நன்றாகத் தெரிந்த விஷயம். சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடிலும் ஒரு ஃப்ளோரின் குறைந்த அயனி, நிறை எண் 127, சூடாக்கச் சூடாக்க 146 ஐப் பார்த்து ஏறும். ஃபிலமென்ட்டே மோதல் அறையைச் சூடாக்கிவிடும் என்பதால், 127 க்கும் 146 க்கும் உள்ள விகிதம் இரண்டு லேபில் இரண்டு மாதிரி வந்தால் யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை, அறைச் சுவரில் ஒரு தெர்மோகப்பிள் ஒட்டிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம், மாதிரி அடுப்பிலேயே சிதைந்துவிட்டது. யுராசில் மாதிரி திடப்பொருளை ஆவியாக்குபவர்களும், உலோகக் கார்பனைல் வைத்து வேலை செய்பவர்களும் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பிரித்தறிவது எளிது: நேர்மின் அயனி முறைக்கு மாறி 70 ஈவியில் வழக்கமான மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுங்கள். அது அட்டவணையில் உள்ளதைப்போலவே இருந்தால் மூலக்கூறு முழுசாக வருகிறது, மாற்றம் அதிர்வினால். புதுத் துண்டுகள் முளைத்திருந்தால் அடுப்பை இறக்குங்கள். அடுப்பைக் குளிரவிட்டுத் திரும்ப ஏற்றியும் பார்க்கலாம். அதிர்வு விளைவு போன வழியே திரும்பி வரும், சிதைவு வராது.

15 ஈவிக்கு மேல் சிக்னல் ஏறிக்கொண்டே போகிறது, இறங்கவே இல்லை

விட்டுவிடுங்கள், அது டி.இ.ஏ. இல்லை. அந்த உயரத்தில் எலெக்ட்ரான் ஒட்டாமலே மூலக்கூறை ஒரு நேர்மின் துண்டாகவும் ஒரு எதிர்மின் துண்டாகவும் பிரித்துவிட்டு மிச்ச ஆற்றலோடு கிளம்பிவிடும். ஒத்ததிர்வு தேவையில்லாததால் பீக் கிடையாது, ஏற்றம் மட்டும்தான். ஆக்சிஜனில் எங்கே தொடங்கும் என்று கணக்குப் போடலாம்: பிணைப்பு 5.12, கூட்டு ஆக்சிஜன் அணுவின் அயனியாக்க ஆற்றல் 13.62, கழி நாட்டம் 1.46, ஆக 17.28 ஈவி. உங்கள் ஏற்றம் அதற்கு முன்னாலேயே, சுமார் 12 இல், தொடங்கினால்தான் யோசிக்க வேண்டும். நேர்மின் அயனியாக்கத்தில் பிறக்கும் மெதுவான எலெக்ட்ரான்களும், சுவரில் மோதித் திரும்பும் எலெக்ட்ரான்களும் 0 ஈவி பக்கமே பிடிக்கக்கூடிய மூலக்கூறுகளைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அறையில் கொஞ்சம் சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடோ கார்பன் டெட்ராகுளோரைடோ தங்கியிருந்தால் 146 உம் 35 உம் உயர் ஆற்றலில் தலைகாட்டுவது இதனால்தான். எலெக்ட்ரான் மின்னோட்டத்தைப் பாதியாக்கி, வாயு அழுத்தத்தையும் பாதியாக்கி, இரண்டு முறை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டால் எவ்வளவு உண்மை, எவ்வளவு இந்தத் திருட்டு எலெக்ட்ரான்களின் வேலை என்று பிரித்துவிடலாம்.